நிக்கோலாசா கேட்ட கேள்வி

கன்னியர் மடம், மெக்சிகோ நகர்
1770 மார்ச் 4

அன்புத் தம்பி அன்செல்மோவுக்கு,

நீ பேராயராகி இந்த ஊருக்கு வந்து ஐந்து மாதம். அக்காவைப் பார்க்க ஒரே ஒருமுறை வந்தாய். உன் ஆணைதான் முந்திக்கொண்டு வந்து கதவில் ஒட்டிக்கொண்டது. இனி எல்லாக் கன்னியரும் ஒரே கூடத்தில் சாப்பிட வேண்டும். பணிப்பெண்கள் எல்லாரும் பாஸ்கா திருநாளுக்குள் வெளியேற வேண்டும். சரி, நிக்கோலாசா எங்கே போவாள்? நம் வீட்டிலிருந்து பணிப்பெண்ணாக என்னோடு மடத்துக்குள் வந்து நாற்பது வருடம் ஆகிறது அவளுக்கு. ஆணையை வாசித்துக் காட்டினேன். "உங்க தம்பிக்கு மூக்கு ஒழுகினப்ப தொடைச்சவ நான். இப்ப என்னையே தொடைச்சுப் போடுறாராக்கும்?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

உன் அக்கா,
பிரிகிதா

பேராயர் இல்லம்
மார்ச் 9

அன்புள்ள அக்கா,

கோபித்துக்கொள்ளாதே. உன் மடத்தில் சமைத்துச் சாப்பிடப் பணமில்லாத சகோதரி இனெஸ் அடுத்த அறைகளில் மிஞ்சியதை வாங்கித் தின்றுவிட்டு, நோன்பு என்று சொல்லிக்கொள்கிறாள். பக்கத்து அறையில் ஒரே கன்னிக்கு மூன்று பணிப்பெண்கள் வான்கோழி வறுக்கிறார்கள். இதைப் பார்த்துவிட்டு நான் எப்படிச் சும்மா இருப்பேன்? என் அக்காவுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் மற்றவர்களை எந்த முகத்தோடு கேட்பேன்? நிக்கோலாசாவை இங்கே அனுப்பு. நான் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி,
அன்செல்மோ

கன்னியர் மடம்
ஏப்ரல் 20

பேராயர் அவர்களுக்கு,

நேற்று கூடத்தில் இனெஸ் என் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அந்த விஷயத்தில் தாங்கள் செய்தது சரி. ஒப்புக்கொள்கிறேன்.

நிக்கோலாசா தங்கள் இல்லத்துக்கு வரமாட்டாளாம். சொச்சிமில்கோவில் தங்கை மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். வாசலில் நின்று, "நான் என்னம்மா தப்பு செஞ்சேன்?" என்று கேட்டாள். பதிலை ஆணை போட்டவர் போய்ச் சொல்லட்டும். அதுவரை எனக்குக் கடிதம் வேண்டாம்.

சகோதரி பிரிகிதா

பேராயர் இல்லம்
மே 8

அக்கா,

நேற்று படகேறிச் சொச்சிமில்கோ போனேன். நிக்கோலாசா சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"உன் மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாரையும் ஒண்ணா நினைச்சு உத்தரவு போட்டேன், உன்னை நினைச்சுப் பாக்கல. தப்பு என்னுது" என்றேன். முதிர்ந்த பணிப்பெண்கள் விரும்பினால் திரும்பி வரலாம் என்று எல்லா மடங்களுக்கும் எழுதிவிட்டதையும் சொன்னேன்.

கையிலிருந்த கதிரை உதிர்த்து முடித்தாள். பிறகு, "வேலைக்கு வரமாட்டேன் சாமி. நாப்பது வருஷத்துல உங்க அக்கா முன்னாடி ஒரு நாள் நான் உக்காந்ததில்ல. ஞாயித்துக்கிழமை சும்மா பாக்க வர்றேன். மடத்துல பாக்க வர்றவங்க நிக்குற கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க" என்றாள்.

நாற்காலி இந்தக் கடிதத்தோடு வருகிறது.

உன் தம்பி,
அன்செல்மோ