தீவில் இடம் கிடைத்தது, மைனி

என் ஆசை லில்லி மைனி,

அண்ணன் பஃபினைப் பார்த்துவிட்டார்.

முதலில் இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் உங்கள் காதில் ஏறாது என்று எனக்குத் தெரியும். ஆமாம் மைனி, உங்கள் வீட்டுக்காரர்தான். நாம் இரண்டு பேரும் சனிக்கிழமைதோறும் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தேரூர் குளத்துக்குப் பஸ் ஏறும்போது, "மீன் வாங்கப் போற நேரத்துல கொக்கு பாக்கப் போறாளுவ" என்று கேட்டில் சாய்ந்துகொண்டு சிரிப்பாரே, அதே மனிதர்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்குப் பஃபின் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். வடகடல் பறவை. புறா அளவுதான் இருக்கும். கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, அலகில் மட்டும் யாரோ திருவிழாவுக்குச் சாயம் பூசிவிட்ட மாதிரி சிவப்பும் மஞ்சளும். வருடம் முழுக்கக் கடலிலேயே கிடந்துவிட்டு, கோடையில் மட்டும் தீவுப் பாறைகளின் மேல் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும். தக்கலையில் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்த என் மைனிக்கு, ஒரு மருந்துக் கம்பெனி காலண்டரில் அதன் படம் கிடைத்தது. அன்றிலிருந்து எங்கள் பேச்செல்லாம் ஸ்காட்லாந்துக்கும் வடக்கே இருக்கிற ஷெட்லாந்து தீவுகள்தான். ரிட்டயர் ஆனதும் போவோம் மக்கா என்பீர்கள். ரிட்டயர் ஆனீர்கள். பிறகு நோய் வந்தது.

கடைசி மாதத்தில் நீங்கள் சொன்னதை நான் யாரிடமும் சொன்னதில்லை. "மக்கா, தீவு எங்கயும் ஓடிப் போவாது. நீ போயிட்டு வா. ஒங்க அண்ணனயும் இழுத்துட்டுப் போ, என்னா?" என்றீர்கள். நான் தலையை ஆட்டினேன். அண்ணனை இழுப்பதாவது!

நீங்கள் போனபிறகு அவர் அழவில்லை மைனி. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அடுத்த வீடுதானே, தினமும் கறியும் சோறும் கொடுத்தனுப்புவேன். சாப்பிட்டுவிட்டுத் தூக்குச்சட்டியைக் கழுவி மதில்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். உப்பு கூடிவிட்டது என்றாவது ஒரு நாள் சண்டைக்கு வர மாட்டாரா என்று இருக்கும்.

போன வருடம் நான் துணிந்து தீவுப் பேச்சை எடுத்தேன். வருவாரா மாட்டாரா என்றுகூடக் கேட்கவில்லை. "பாஸ்போர்ட்டத் தாங்கண்ணே" என்றேன். எப்போது என்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார்.

விமானம் கிடைத்தது. பெரிய தீவில், துறைமுகப் பட்டணத்தில், ஓட்டலும் கிடைத்தது. மாட்டிக்கொண்டது அதற்கு அப்பால்தான். பஃபின்கள் கூட்டமாக வருகிற தீவு ஒன்று உண்டு. நீங்கள் வரைபடத்தில் பேனாவால் வட்டம் போட்டு வைத்தது அதைத்தான். அதன் பெயரை இங்கே எழுத மாட்டேன், காரணம் பிறகு சொல்கிறேன். அங்கே ஆடுகள் அதிகம், வீடுகள் குறைவு. அறை விடுகிறவர்கள் இரண்டே இரண்டு பேர். ஒரு வீட்டில் கோடை முழுவதும் நிரம்பிவிட்டது என்று பதில். இன்னொன்று, சனிக்கிழமை முதல் அடுத்த சனிக்கிழமை வரை மொத்தமாகத்தான் எடுக்கவேண்டும். அதையும் ஒரு ஜெர்மன் குடும்பம் எடுத்துவிட்டது. போட்டில் காலையில் போய் மாலையில் திரும்பலாம் என்றால், காற்றடித்தால் போட்டு ஓடாது, போன இடத்தில் அப்படியே கிடக்க வேண்டியதுதான். கூடாரம் போட்டுக்கொள்ளலாம் என்று ஒருவர் அன்போடு எழுதியிருந்தார். என் முட்டுவலியை அவர் பார்த்ததில்லை.

விசாவுக்கு எழுதிக் கொடுக்க வேறு, எங்கே தங்குகிறோம் என்று தெரியவேண்டும். வாரக்கணக்கில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மன்னிக்கவும், மன்னிக்கவும் என்ற பதிலாகவே வாங்கினேன். ஒரு சாயங்காலம் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றே சொன்னேன்: "அண்ணே, விட்டுருவோம். எடம் எங்கயும் இல்ல."

தூக்குச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே அவர் நின்றார்.

"யாருட்டி எடம் இல்லன்னு சொன்னது?"

"அங்க அறை விடுத பொம்பள. செப்டம்பர் வரைக்கும் ஒண்ணும் இல்லங்கா."

"நீ அவகிட்ட என்ன கேட்ட?"

"ரூம் இருக்கான்னு கேட்டேன். வேற என்ன கேக்க?"

"அதாக்கும் தப்பு. கட்டிலு இல்லேன்னு சொல்லுதவகிட்ட கட்டிலு கேக்கப்பிடாது. ஒனக்கு யாரத் தெரியும்னு கேக்கணும். போன இங்க தா."

மைனி, நாம் இரண்டு பேருமே மறந்துபோன ஒன்று உண்டு. இந்த மனிதர் இருபது வருடத்துக்கு மேலே வளைகுடாவில் செய்த வேலை என்ன? கேம்ப் பாஸ். நட்ட நடுப் பாலைவனத்தில், ராத்திரிக்குள் வந்து இறங்கப்போகிற ஆட்களுக்கு, இல்லாத இடத்தில் இடம் பிடித்துக் கொடுப்பதுதானே அவர் பிழைப்பு!

ஸ்பீக்கரில் போட்டார். அந்த அம்மாள் எடுத்ததும், "மேடம், குட் ஆஃப்டர்நூன், ஐ ஆம் காலிங் ஃப்ரம் இந்தியா" என்று தொடங்கினார். உங்களிடம் அறை கேட்கவில்லை, உங்கள் ஊரில் பிள்ளைகள் வெளியூருக்குப் போய் அறை சும்மா கிடக்கிற வீடு எது என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். எல்லா வீடும் அப்படித்தான் என்றாள். பிறகு யோசித்து, துறைக்குப் பக்கத்தில் மார்கரெட் என்று ஒருத்தி இருக்கிறாள், ஆனால் அவள் யாருக்கும் அறை விட்டதில்லை, கொஞ்சம் கோபக்காரி என்று சொல்லி நம்பரைக் கொடுத்தாள்.

மார்கரெட்டின் முதல் கேள்வியே, "நீங்கள் பறவை பார்க்கிறவர்களா?" என்பதுதான். பறவை பார்க்கிறவர்களை அவளுக்கு ஆகவே ஆகாது. ஏதோ அபூர்வக் குருவி வந்ததென்று ஒரு கூட்டம் வந்து அவளுடைய உருளைக்கிழங்குத் தோட்டத்தை மிதித்துப் போட்டிருக்கிறது.

நான் கையை ஆட்டி ஜாடை காட்டினேன், இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று. அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. முகத்தைத் திருப்பி நின்றுகொண்டார். அவருடைய கேம்ப் இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார்: "எனக்குப் பறவை தெரியாது மேடம். பார்க்கிறவள் என் மனைவி. அவள் செத்துப்போனாள். அவள் பார்க்க ஆசைப்பட்டதை நான் ஒரு தடவை பார்க்கவேண்டும்."

ஜாடை காட்டிய கையை இறக்கிவிட்டேன் மைனி. அத்தனை நாளும் அவர் வாயிலிருந்து உங்களைப்பற்றி ஒரு வார்த்தை வந்ததில்லை.

  மார்கரெட், "மீன் சாப்பிடுவீர்களா?" என்று கேட்டாள்.

தேங்காய்ப்பட்டணத்து மீன் தின்று வளர்ந்த மனிதனிடம் கேட்கிற கேள்வியா அது?

அன்று ராத்திரி, சாளைமீன் குழம்பில் உப்பு போதாது என்று சொல்லித் தூக்குச்சட்டியோடு வீட்டுக்கே சண்டைக்கு வந்தார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு உப்பு எடுத்துக் கொடுத்தேன்.

ஜூலையில் போனோம். முதல் நாள் காற்று பலமாக இருந்து போட்டு ஓடவில்லை. துறையில் காத்திருக்கிற கூடத்தில் நான் உம்மென்று உட்கார்ந்திருக்க, அண்ணன் போட்டுக்காரர்களோடு தேநீர் குடித்து அவர்கள் குடும்பக் கதையெல்லாம் கேட்டு முடித்தார். மறுநாள் கடந்தோம். அலையில் எனக்குக் குடல் வாய்க்கு வந்தது. இறங்குமிடத்தில் ரப்பர் பூட்சும் ஆண்பிள்ளைக் கோட்டுமாக ஒரு நெட்டைக் கிழவி நின்றாள், மார்கரெட்தான். எங்கள் பெட்டிகளைத் தூக்கி டிராக்டரில் போட்டாள். கைகொடுத்தது அதற்குப் பிறகுதான்.

மகனுடைய அறையை எனக்கும், அடுப்படிக்குப் பக்கத்து அறையை அண்ணனுக்கும் ஒதுக்கியிருந்தாள். சாப்பாட்டுக்கு மீனைப் பாலில் வேகவைத்துக் கொண்டுவந்து வைத்தாள். அண்ணன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "பால்லயா? மீனயா?" என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு, பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்புச் சிரித்து முழுவதையும் தின்றார். அடுத்த நாள் அடுப்பை அவர் பிடித்துக்கொண்டார். பெட்டிக்குள் மிளகாய்ப்பொடியும் புளியும் ஒளித்துக் கொண்டுவந்தது எனக்கே தெரியாது. மார்கரெட் ஒரு வாய் வைத்தாள், இருமினாள், கண்ணைத் துடைத்தாள், தட்டை மறுபடி நீட்டினாள்.

பாறைக்கு நடந்து போனது காலையில். காற்று எங்களைத் தள்ளிக்கொண்டே வந்தது. புல்லில் உட்காரவும் ஒன்று வந்து இறங்கியது மைனி! நாலு அடி தூரத்தில்! பைனாகுலருக்கு வேலையே இல்லை. அலகில் நெத்திலி மாதிரிச் சின்ன மீன்களை வரிசையாகக் கவ்விக்கொண்டு, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தது.

"ஏட்டி ஹெலனே, அதுக்க நடையப் பாரு" என்றார் அண்ணன். "நம்ம சபையில காணிக்க எடுக்க வருத கமிட்டிக்காரனுக்க நடையில்லா!"

நான் சிரித்த சிரிப்பில் அது வளைக்குள் ஓடியே போய்விட்டது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர், குனிந்து புல்லைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். சுற்றிலும் பஃபின்கள் வந்து இறங்குவதும் பறப்பதுமாக இருந்தன. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மீனு யாருக்குக் கொண்டு போவுது, குஞ்சுக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப மறுபடி வரும்லா. இருந்து பாப்போம்" என்றார். மத்தியானம் வரை அவரை அங்கிருந்து எழுப்ப முடியவில்லை.

தீவின் பெயரை எழுதாததற்குக் காரணம் மார்கரெட்டின் உருளைக்கிழங்குத் தோட்டம். வாக்குக் கொடுத்திருக்கிறோம். அவள் டிசம்பரில் இங்கே வருகிறாள். மாடி அறைக்கு எந்த மெத்தை என்று அண்ணனுக்கும் எனக்கும் தினமும் வழக்கு நடக்கிறது.

அவர் இப்போது தனியாகவே மணக்குடிக் காயலுக்குப் போகிறார் மைனி. அங்கே நின்றுகொண்டே எனக்குப் போன் போட்டு, பார்த்த பறவைக்கெல்லாம் ஏதோ ஒரு பெயர் சொல்கிறார். நேற்று நீர்க்காகத்தைத் தாரா வாத்தாக்கிவிட்டார். உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு இது: அவர் போன் எப்போது அடித்தாலும் எடுப்பேன். அவர் சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேச மாட்டேன். தாரா என்றால் தாராதான்.

உங்கள் செல்ல நாத்தனார்,
ஹெலன்
தக்கலை