கையில் ஒட்டாத கரித்துண்டு

என் ரூத்,

இல்லை, எரியவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

காலையில் உன் அம்மா ஃபோன் செய்தார். சாமானெல்லாம் கோவிலம்பாக்கத்துப் புது வீட்டுக்குப் போயாயிற்றாம். பழைய வீட்டுப் பால்கனியில் கிடந்த கரிப்பையை நேற்று கேம்ப் ரோடு இஸ்திரி அக்காவிடம் கொடுத்துவிட்டாராம். நல்ல கரி, வீணாகக் கூடாதே என்று. ஐயோ, அந்தப் பையா என்று கத்திவிட்டேன்.

"அதுல என்ன கண்ணு இருந்துச்சு?"

எங்கிருந்து தொடங்குவது? உளவாளிகளின் மாறுவேட வெடிகளைப் பற்றி நாம் புத்தகம் எழுதுவது அவருக்குத் தெரியும். அதற்காக நாம் செய்த மாதிரித் துண்டைப் பற்றித் தெரியாது. உலகப் போரில் நிலக்கரித் துண்டு போலவே ஒன்றைச் செய்து, உள்ளே வெடிமருந்து அடைத்து, எதிரியின் குவியலில் போட்டார்கள். எதிரியே அதை அள்ளித் தன் ரயில் எஞ்சினுக்குள் போட வேண்டும். நமக்கு நிலக்கரி கிடைக்கவில்லை. அக்காவிடம் ஒரு பை அடுப்புக்கரி வாங்கி, அதைப் பார்த்துக் காகிதக் கூழில் செய்தோம்.

மூடும் முன் என்னைத் திரும்பி நிற்கச் சொன்னாய். உள்ளே எதையோ வைத்தாய். புத்தகம் வரும் நாளில் உடைக்கலாம் என்றாய். பிறகு அதை மற்ற கரியோடு போட்டுக் குலுக்கினாய். தெரியாமல் போனால்தான் வேடம் பலித்தது, இல்லையா?

அதற்கு அடுத்த மாதமே உனக்கு மருத்துவமனை. நீ போய்ப் பதினோரு மாதம். நான் புத்தகத்தைத் தொடவில்லை.

பெருங்களத்தூரிலிருந்து ஸ்கூட்டரில் பறந்தேன். ஹெல்மெட்டுக்குள் உன்னோடு பேசிக்கொண்டே. உனக்குப் பிடித்த எலி அத்தியாயம்தான் மண்டையில் ஓடியது. செத்த எலிகளின் வயிற்றில் வெடிமருந்து. கரி அள்ளுபவன் அருவருத்து அடுப்பில் வீசுவான் என்று கணக்கு. முதல் பெட்டியே எதிரியிடம் சிக்கியது. ஓர் எலிகூட வெடிக்கவில்லை. ஆனால் எதிரி அதன் பிறகு எலி தேடியே அலைந்தான். தேட வைத்ததுதான் வெற்றி என்று மேசையைத் தட்டிச் சிரிப்பாய்.

அக்காவின் வண்டிக்கடியில் பையைக் கவிழ்த்தேன். கண்ணுக்குத் தெரியவில்லை. தூக்கிப் பார்த்தேன், எடையிலும் தெரியவில்லை. அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறோம், பாவிகள்.

"இன்னாமா, கரில வைரம் தேடிகினு கீற?"

சொன்னேன். அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, வண்டிச் சக்கரத்தைக் காட்டினார். அதற்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு நம் கரி.

"கரின்னா கையில ஒட்டணும்மா. இது ஒட்டவேயில்ல. அப்பவே எடுத்துப் போட்டுட்டேன்."

உன் வெள்ளைத் துப்பட்டா கறுக்கக் கூடாதென்று வார்னிஷ் அடித்தோமே, அதுதான். எதிரியின் ரயில் கொட்டகையில் இந்த அக்கா ஒருத்தி இருந்திருந்தால் போதும்.

புத்தகம் வரும்வரை பொறுக்கவில்லை, மன்னித்துவிடு. இஸ்திரிப் பெட்டியின் முனையால் அக்காவே தட்டி உடைத்தார். சுருட்டிய தாள். உன் கையெழுத்து. எனக்கு ஒரு கடிதம் என்று நினைத்தேன். விரித்தால் ஒரே சொல்.

எலி.

கேம்ப் ரோட்டில் நின்று கண்ணீர் வரச் சிரித்தேன். பதினோரு மாதத்தில் முதல் தடவை.

"இதுக்கா இவ்ளோ பேஜாரு?" என்றார் அக்கா.

நான் இப்படி ஓடி வருவேன் என்று அன்றே உனக்குத் தெரியுமா? எதுவரை தெரியும், ரூத்?

புத்தகத்தை முடிக்கிறேன். எலி முதல் அத்தியாயம். வார்னிஷ் அடித்த முட்டாள்தனமும் அதில் வரும், நம் இருவர் பெயரோடும்.

உடைந்த ஓடுகள் இரண்டையும் தாளையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கோவிலம்பாக்கம் போனேன். உன் அம்மாவின் கையில் கொடுத்து, எலிக் கதையைச் சொன்னேன்.

உன் அம்மாவின் இன்னொரு பெண்,
நித்யா