கரண்ட் வந்தால் வருகிறவர்

11.4.2005, திங்கள்

பஜாரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சடையப்பன் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே முழுக்கக் கரி. இரும்பு ரோலிங் மில்லுக்குப் பக்கத்தில் குடியிருந்தால் சோற்றிலேயே கரி விழும், கம்ப்யூட்டரை மட்டும் விட்டுவைக்குமா? விசிறி சுற்றாமல் நின்று பிராசஸர் வெந்துபோயிருக்கிறதாம். என் வீட்டுக்காரர் ஜோஷ்வா இறந்த பிறகு போன வாரம்தான் முதல் தடவையாக அதைப் போட்டேன். திரையில் ஒரு எழுத்து வருவதற்குள் கருகல் வாசனை.

"பொட்டிய கடைக்கு எட்த்துக்கினு போய் எல்லாத்தையும் அழிச்சிட்டு புச்சா போட்டுத் தரேம்மா" என்றார்.

எல்லாத்தையுமா? கல்யாணப் போட்டோ அத்தனையும் அதில்தான் இருக்கிறது. வேண்டாம், பிராசஸரை நானே மாட்டிக்கொள்கிறேன் என்றேன். சிரித்தார். சிரிக்கட்டும்.

ஜூன் முதல் ஞாயிறு அண்ணன் வந்து என்னைத் திருவள்ளூருக்கு, அம்மா வீட்டுக்கே கூட்டிப்போகிறான். காக்களூரில் ஒரு கம்பெனி ஆபீசில் வேலை சொல்லி வைத்திருக்கிறான். அதற்குள் டைப்பிங் கை பழக வேண்டும். மாமியாரையும் கூப்பிட்டேன். "எம்புள்ள இருந்த ஊட்ட உட்டு வரமாட்டேன்" என்றுவிட்டார். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? இந்த வீட்டில் இன்னும் ஒரு வருஷம் இருந்தால் எனக்கும் பைத்தியம் பிடிக்கும்.

16.4, சனி

ரயிலேறி, கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெரு போனேன். பெண்பிள்ளை தனியாக வந்து பிராசஸர் கேட்டதும் கடைக்காரர் பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். ஆனால் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். "ஜன்னல் கம்பிய தொட்டு ஒடம்பு கரண்ட எறக்கிட்டு கைய வைங்க. தானா உக்காரணும், அமுக்கக் கூடாது." பிராசஸர் சூடாகாமல் இருக்க மேலே வைக்கும் பேஸ்ட் ஒரு டியூப் சும்மா கொடுத்தார்.

17.4, ஞாயிறு

எப்படி எழுதுவது? முதலிலிருந்தே எழுதுகிறேன்.

பூசைக்குப் போய் வந்து பாயை விரித்துப் பெட்டியைப் படுக்கப் போட்டேன். ஒயரையெல்லாம் பிடுங்கிவிட்டு ஜன்னல் கம்பியைத் தொட்டேன். விசிறியைக் கழற்றி, பழைய புடவைத் துணியால் கரியைத் துடைத்தேன். சின்ன நெம்புகோலைத் தூக்கியதும் வெந்த பிராசஸர் கையோடு வந்துவிட்டது. புதியதை அம்புக்குறி மூலை பார்த்து வைத்தேன். உட்காரவில்லை. அமுக்கவும் பயம். எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால், மயிர் மாதிரி இருக்கும் கால்களில் ஒன்று வளைந்திருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியால் நிமிர்த்தினேன். மறுபடி வைத்தேன். தொட்டி நீரில் இலை இறங்குகிற மாதிரி இறங்கியது. நெம்புகோலை மடக்கி, அரிசி அளவு பேஸ்ட் வைத்து, விசிறியை மாட்டினேன். எனக்கே பெருமையாக இருந்தது.

போட்டதும் இங்கிலீஷில் ஏதோ கேட்டது. படிக்காமலேயே சரியென்று தட்டினேன். நீலத்திரை வந்தது. எங்கள் கல்யாணப் போட்டோ வந்தது.

அப்புறம் ஸ்பீக்கரில், "எம்மா... வந்துட்டேன்மா."

ஜோஷ்வா. அவரேதான். பேசுவதற்கு முன் மூச்சு இழுப்பாரே, அந்த மூச்சும் கேட்டது.

பொத்தானை அமுக்கிப் பிடித்து அணைத்துவிட்டேன். அடுப்படியில் பாத்திரம் விழுந்தது. அத்தை ஓடிவந்து அறையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "எங்கடி அவன்?"

18.4

இதில் பயப்பட ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டர் போட்டால் வரும் சங்கீதத்தை எடுத்துவிட்டு அங்கே தன் குரலைப் பதிந்து வைத்திருக்கிறார். பிப்ரவரியில் அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு நான் திருவள்ளூர் போயிருந்தபோது விளையாட்டாகச் செய்திருப்பார். அந்த வாரம்தான் மில் விபத்தில் அவர் போனது.

அத்தைக்கு எடுத்துச் சொன்னேன். தலையாட்டினார்.

ஆனால் எனக்குக் கோபமாக இருக்கிறது. அம்மாவைக் கூப்பிடத் தெரிந்தவருக்கு என் பேர் வாயில் வரவில்லையா?

20.4

மத்தியானம் கரண்ட் போயிற்று. வந்தது. யாரும் தொடவில்லை, கம்ப்யூட்டர் தானாக உயிர் பெற்றுவிட்டது.

"எம்மா... வந்துட்டேன்மா."

அடுப்படியிலிருந்து அத்தை தலையைக்கூடத் திருப்பாமல், "வா நைனா. கை கால் கய்விக்கினு வா" என்றார்.

22.4

சடையப்பன் விளக்கினார். "புது பிராசஸர் போட்ட ஒடனே உள்ள செட்டிங்லாம் மாறிக்கிதும்மா. அதான் கரண்ட் வந்தா தானா ஆன் ஆவுது." எங்கே மாற்ற வேண்டும் என்றும் சொன்னார். வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அத்தை பின்னால் வந்து நின்றார்.

"இன்னா பண்ணப் போற?"

"ஒண்ணுமில்ல அத்தே."

மாற்றவில்லை. மனசு வரவில்லை.

2.5

எதிர்வீட்டு விக்டோரியா குழாயடியில் கேட்டாள்: "உங்க ஊட்ல இன்னா ஆம்பள கொரலு கேக்குது?"

கம்ப்யூட்டர் என்றேன். "ஆயா பேசிக்கினு கீதே, கம்ப்யூட்டரு கூடவா?" என்றாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

9.5, திங்கள்

தெருவில் எல்லார் வீட்டிலும் டி.வி. ஓடுகிறது, எங்கள் வீட்டில் மட்டும் கரண்ட் இல்லை. வெளியே வந்து பார்த்தால் மீட்டர் பெட்டிக்கு முன்னால் முக்காலி போட்டு அத்தை நிற்கிறார். மெயினை இறக்கிவிட்டுக் கொஞ்சம் பொறுத்து ஏற்றினார். உள்ளே குரல் கேட்டது. முகமெல்லாம் சிரிப்பு.

"காலைலேந்து கரண்டே போவல பிரின்சி. அப்பறம் அவன் எப்டி வருவான்?"

10.5

அவர் வந்தபிறகுதான் அத்தை சாப்பிடுகிறார். வந்தவருக்கும் ஒரு தட்டு. கழுத்தெலும்பு தெரிகிறது, கோயிலுக்கும் போவதில்லை. நான் இங்கே டைப்பிங் பழகிய லட்சணம் இதுதான்: அது தானாக எரியும், நான் போய்ப் பொத்தானை அமுக்கிப் பிடித்து அணைப்பேன். ஒரு நாள்கூட உட்கார்ந்து ஒரு வரி அடிக்கவில்லை.

நான் போவதற்குள் அந்தக் குரலை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் இவர் மீட்டர் பெட்டியடியிலேயே செத்துப்போவார். எடுத்தால்? அவரை இரண்டாம் தடவை புதைப்பது மாதிரி இருக்குமே.

29.5, ஞாயிறு

விக்டோரியாவை விட்டு அத்தையைக் கோயிலுக்கு அனுப்பிவைத்தேன். அழுதுகொண்டே அவர் குரலை எடுத்துவிட்டுப் பழைய சங்கீதத்தை வைத்தேன். ஆயிற்று. பட்டென்று அணைத்தால் இந்தப் பழைய சனியன் கெட்டுப்போகும் என்று, பிராசஸர் மாட்டிய நாளிலிருந்து முதல் தடவையாக முறைப்படி மூடினேன்.

திரை அணைவதற்கு முன்னால் அந்த மூச்சு.

"பிரின்சி... கெளம்பறேன்மே."

அப்புறம் ஒரு சின்னச் சிரிப்பு. நைட் ஷிப்டுக்குப் போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு சிரிப்பாரே, அதே சிரிப்பு. மூடும்போது வரும் சங்கீதத்துக்கும் தன் குரலைப் பதிந்து வைத்திருக்கிறார்.

மறுபடி போட்டேன். மூடினேன். மறுபடி போட்டேன். அத்தை கோயிலிலிருந்து வரும்வரை அதே வேலைதான்.

30.5

மாற்றியதைத் திரும்ப மாற்றிவிட்டேன். அவர் வராமல் எப்படிக் கிளம்புவார்?

5.6, ஞாயிறு

அண்ணன் வேன் எடுத்துக்கொண்டு வந்தான். அத்தை அவனுக்கு இட்லி வைத்தார். இப்போது வேளைக்குச் சாப்பிடுகிறார், பூசைக்கும் போய்வருகிறார். நான் காலையிலிருந்து கம்ப்யூட்டரை மூடாமல் அதன் முன்னால்தான் இருந்தேன்.

"பைய எட்த்துக்கோம்மா, வண்டி நிக்கிது."

"அவரு இன்னும் கெளம்பலண்ணா. அவரு போனப்பறம் வரேன்."

"யாரு?" என்றான். அத்தை அவன் தட்டில் இன்னொரு இட்லி வைத்தார். அவன் கை கழுவிவிட்டு என்னிடம் வந்தான். கூப்பிட்டுப் பார்த்தான், கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான், கடைசியில் அழுதுவிட்டான். வேன் காலியாகத் திரும்பிப் போயிற்று.

சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டு அத்தை அறை வாசலில் வந்து நின்றார்.

"கெளம்பிட்டானா?"

"இல்ல அத்தே" என்றேன். "நான் இன்னும் அனுப்பல."