வெட்டாமல் விட்ட இருமல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீ அங்கே சுகமாக இருக்கிறாய் என்பது தினமும் சாயங்காலம் ஆறு மணி தாண்டியதும் போனில் நம் மெத்தைக் கடைப் பக்கத்தில் வருகிற வீடியோவுக்கு நீ போடுகிற இதயக் குறியில் தெரிந்துவிடுகிறது, அதனால் அதைக் கேட்கவில்லை. இங்கே நான் இருக்கிறேன். அப்பா இல்லை. அவர் போய் இன்றோடு பத்து நாள். திரும்ப மேலே போய்ப் படிக்காதே, சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். நேற்றுக்கூட வெள்ளைச் சட்டையில் வந்து தலையணையைக் குத்திக் காட்டிப் பேசினாரே என்பாய். பேசினார். நீயும் இதயம் போட்டாய். அவர் போய் ஒன்பதாவது நாள் அது.

எப்படி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, சொல்லிக் கொடுத்ததே நீதான். ஒரே நாளில் மொத்தமாக எடுத்துவிடுங்கள், சட்டையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், தினமும் எடுத்த மாதிரி இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டு வைத்துவிட்டால் அதுவே ஆறு மணிக்குப் போய்விடும் என்றாய். நீ வந்திருந்தபோது உன் கையால் எழுதி ஒட்டிய தாள் இன்னும் தையல் மிஷினுக்கு மேலே சுவரில் இருக்கிறது. நான் மெதுவாகத்தான் படிப்பேன், ஆனாலும் அது மனப்பாடம். முதல் மூன்று வினாடிக்குள் கை தலையணையில் விழ வேண்டும். பேசும்போது ஊருக்கே பேசுவதாக நினைக்கக் கூடாது, யாராவது ஒரே ஒரு ஆளை மனதில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். முடிக்கும்போது அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி முடிக்க வேண்டும், வாருங்கள் என்றோ கூப்பிடுங்கள் என்றோ. ஒரு நாள்கூடப் பக்கம் காலியாக இருக்கக் கூடாது. தப்பாக யாராவது எழுதினால் சண்டை போடாமல் அழித்துவிட வேண்டும். எல்லாம் நல்ல யோசனை, ஒன்றும் குறை சொல்ல முடியாது. கடை நிறைந்துதான் கிடக்கிறது. பஞ்சு மூட்டை போட இடமில்லாமல் நான் கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் போட்டுப் படுக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முப்பது வீடியோ எடுத்தோம். அப்போதே அவருக்கு மூச்சு சரியில்லை. இத்தனை வருஷப் பஞ்சுத் தூசி நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது, இனி பஞ்சுப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லி நாலு நாள்தான் ஆகியிருந்தது. அதனால்தான் ஒரே நாளில் எடுத்து வைத்துவிடலாம் என்றார். பக்கம் காலியாகக் கிடந்தால் அவள் மனசு கஷ்டப்படும் என்றார், அவர் கவலை அது. இருந்தது ஐந்து நல்ல சட்டை, அதையே சுற்றிச் சுற்றிப் போட்டார், ஒவ்வொரு தடவை கழற்றி மாட்டும்போதும் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார். இருமல் வந்த இடத்தையெல்லாம் நான்தான் வெட்டினேன். வெட்டுவதற்கும் நீதானே பழக்கினாய், விரலால் இழுத்து இரண்டு பக்கமும் ஒட்டிவிட வேண்டும். ஒரு வீடியோவில் ஏழு வெட்டு. உனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அப்பா நல்லா பேசுறீங்க, இன்னும் கொஞ்சம் சிரிங்க என்று எழுதியிருந்தாய். பக்கத்து மருந்துக்கடைக்காரம்மாதான் அவருக்குப் படித்துக் காட்டினாள். படுத்துக்கொண்டே சிரித்துப் பார்த்தார்.

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ கேட்டாயா. நீ கடைசியாகக் கூப்பிட்டுப் பேசி இன்றோடு ஐம்பத்தொரு நாள் ஆகிறது. அதற்குப் பிறகு உன்னிடமிருந்து வந்த செய்தியெல்லாம் என் போனில் அப்படியே இருக்கிறது. பார்க்கிறவர்கள் குறைகிறார்கள், வெளிச்சம் பத்தவில்லை, ஏன் பதில் போட லேட், இவ்வளவுதான். நான் ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். சொல்லிவிடலாம் என்று நான் இரண்டு தடவை போனை எடுத்தேன், அவர்தான் கையைப் பிடித்துக்கொண்டார். அவளே கூப்பிடட்டும், நாம சொல்லி அவ வந்தா அது ஆஸ்பத்திரிக்கு வர்ற மாதிரி, என்னைப் பார்க்க வர்ற மாதிரி இருக்காது என்றார். சரி என்று விட்டேன். அப்படி விட்டது என் தப்பு, அதை நான் வைத்துக்கொள்கிறேன், உனக்குப் பங்கு தர மாட்டேன். உன் பங்கு வேறே இருக்கிறது.

உன் வலைப்பூவில் நம் கடையைப் பற்றி எழுதினாயே, ஒரு சின்ன மெத்தைக் கடையை இவ்வளவு தூரத்திலிருந்து எப்படி ஊரறிய வைத்தேன் என்று, அதையும் மருந்துக்கடைக்காரம்மா படித்தாள். நானும் அப்பாவும் தினமும் பேசிக்கொள்வோம், அதுதான் எங்கள் ரகசியம் என்று ஒரு வரி வந்தது. அவள் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள், நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். அவர் மட்டும், ஆமா, நான் தினமும் பேசுறேன், அவ தினமும் கேக்குறா, அதுவும் பேச்சுதானே என்றார். உனக்காக ஒரு வெளியாளிடம் பொய் சொல்கிற அளவுக்கு மூச்சை மிச்சம் வைத்திருந்தார்.

பன்னிரண்டாவது வீடியோ போக வேண்டிய அன்று மதியம் அவர் போனார். மறுநாள் கொண்டுபோகும்போது, மூன்றாம் நாள் வீடியோவைப் பார்த்து இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா இருக்குப்பா என்று நீ எழுதினாயே, அந்த நீலச் சட்டையைத்தான் போட்டு அனுப்பினேன். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் மணி ஆறு. போன் டிங் என்றது. அதே நீலச் சட்டையில் அவர் தலையணையைக் குத்துகிறார். கை எடுத்ததும் அது மெதுவாக எழும்புகிறது. ஐந்து நிமிஷத்தில் உன் இதயமும் வந்தது, அதே நீலம், சூப்பர் அப்பா என்று. வீட்டில் அப்போது நாலு பேர் இருந்தார்கள், ஒருவர் எழுந்து வந்து போனைக் கவிழ்த்து வைத்தார்.

அன்றே மீதியை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தெரியும். நிறுத்தவில்லை. நீ எத்தனை நாள் இதயம் போடுகிறாய் என்று பார்க்க வேண்டும் போல் இருந்தது. ஆழ்ந்த இரங்கல் என்று நம் தெருக்காரர் இரண்டு பேர் அடியில் எழுதினார்கள், சண்டை போடாமல் அழித்துவிட்டேன். போன வாரம் ஒரு அம்மா இரண்டு பஸ் மாறி வந்து, தலையணை குத்துறவர் எங்கே, அவரைப் பார்க்கத்தான் வந்தேன் என்றாள். வெளியே போயிருக்கிறார் என்றேன். அவள் அதையும் பக்கத்தில் எழுதினாள். அதற்கு நீ, கண்டிப்பா மறுபடி வாங்க, அப்பா உங்களுக்காகக் காத்திருப்பார் என்று பதில் போட்டாய். ஒரே நிமிஷத்தில் போட்டாய். முன்பின் தெரியாத ஒரு அம்மாவுக்கு.

இன்னொன்று உனக்குத் தெரிய வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் வீடியோ எடுக்கும்போது, ஒரு ஆளை நினைச்சுப் பேசணும்னு தாளில் எழுதியிருக்கே, யாரை நினைக்கிறது என்று என்னிடம் கேட்டார். உங்க இஷ்டம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்போ சரி என்று தலையை ஆட்டினார். முப்பதையும் இன்னொரு தடவை பார். கடை சாயங்காலம் வரைக்கும் திறந்திருக்கும், எப்ப தோணுதோ அப்ப வாங்க என்கிறார். கழுத்து வலிக்குதுன்னா சொல்லுங்க, சங்கடப்படாதீங்க என்கிறார். எந்த நேரமானாலும் போன் பண்ணுங்க, நான்தான் எடுப்பேன் என்கிறார். அது வாடிக்கைக்காரருக்குச் சொன்னது என்று நினைத்தாய். உன் யோசனையை அவர் ஒரு எழுத்து விடாமல் கேட்டார். நீதான் அவர் சொன்னதைச் செய்யவில்லை.

இன்றையதையும் சேர்த்து இன்னும் ஒன்பது இருக்கிறது. அடுத்த வாரம் வியாழக்கிழமை கடைசி, கட்டம் போட்ட சட்டை. அதை மட்டும் நேற்று போனில் மறுபடி திறந்து, வெட்டின இடத்தையெல்லாம் திரும்ப ஒட்டி, எடுத்தது எடுத்தபடி வைத்துவிட்டேன். மூன்று வினாடிக்குள் கை தலையணையில் விழும், ஆனால் அது குத்தினது இல்லை, ஊன்றினது. பேச ஆரம்பித்ததும் இருமல் வரும். அரை நிமிஷத்துக்கு மேல் நிற்காது. நடுவில் என்னைப் பார்த்துத் தண்ணீர் என்று கையைக் காட்டுவார். அப்புறம் மறுபடி உன்னைப் பார்த்து, போன் பண்ணுங்க என்பார். ஆறு மணிக்கு அது போகும். நான் கடை போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுப்பேன். திட்ட மாட்டேன். நடந்ததை மட்டும் சொல்வேன், வா என்பேன், நீயும் அன்றைக்கே கிளம்பிவிடுவாய், அவ்வளவுக்கு நீ என் மகள்தான்.

சாப்பாட்டு நேரத்துக்குச் சாப்பிடு. உட்கார்ந்தே வேலை செய்கிறாய், முதுகுக்கு ஒரு திண்டு வைத்துக்கொள், கடையில் வாங்காதே, அப்பா உனக்கென்று தைத்தது ஒன்று அலமாரியில் இருக்கிறது, உறை மட்டும் போட வேண்டும். நீ நன்றாக இருக்க வேண்டும், நீண்ட நாள் இருக்க வேண்டும், நீ பெறுகிற பிள்ளை உன்னைத் தினமும் கூப்பிட வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. இது சாதாரணத் தபால், அங்கே வர பன்னிரண்டு நாள் ஆகும் என்று தபால் ஆபீசில் சொன்னார்கள், எண்ணிப் பார்த்துத்தான் அனுப்புகிறேன். வியாழக்கிழமை தாண்டி நாலு நாள் கழித்துத்தான் உன் வாசலுக்கு வரும். அந்த இருமலைக் கேட்டு நீ கூப்பிட்டிருந்தால் இந்நேரம் இங்கே என் பக்கத்தில் இருப்பாய், இந்தக் கடிதம் உன் பூட்டிய கதவுக்கு அடியில் பிரிக்காமல் கிடக்கும். இது உன் கையில் பிரிந்திருக்கிறது என்றால், அதற்கும் இதயம் போட்டிருக்கிறாய்.

இப்படிக்கு,
அந்த முப்பதையும் எடுத்துக் கொடுத்த
உன் அம்மா