மழையில் தொங்கிய மூன்று துப்பாக்கிகள்

கோடியாக் தீவு
டிசம்பர் 2

அன்பு மகன் மத்வேக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே மழையும் காற்றும் எங்களை விட்டபாடில்லை, ஆனாலும் நானும் அப்பாவும் சுகமாகத்தான் இருக்கிறோம். அந்த டூசான் வெயிலில் நீயும் மரிசாவும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்றுதான் ஞாயிறுதோறும் கோவிலில் மெழுகுவத்தி ஏற்றுகிறேன். குழந்தைக்குப் பல் வந்துவிட்டதா, போனில் கேட்க நினைத்து மறந்துபோகிறேன். பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம் பத்தொன்பது பிள்ளைகள்தான், பழைய கைப்பழக்கத்தில் முப்பது பேருக்குச் சமைத்துவிட்டு மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். ஸ்பிரிடான் சித்தப்பா படகுக்கு வேறு எஞ்சின் போட்டிருக்கிறார், போட்ட அன்றே அது நடுக்கடலில் நின்றது. நிற்க, நான் எழுத உட்கார்ந்தது ஒரு துப்பாக்கியைப் பற்றி, அவசரப்படாமல் கடைசிவரை படி.

போன வருஷம் நவம்பரில் நீ வந்திருந்தபோது நடந்தது உனக்கும் மறந்திருக்காது. ஓடைக்கு அந்தப் பக்கம் இடது பார்த்து நின்ற மானை அப்பா சுட்டார், தோளுக்குப் பின்னால் படவேண்டியது வயிற்றில் பட்டது. அது ஆல்டர் புதருக்குள் ஓடி, நீங்கள் இரண்டு பேரும் கொட்டும் மழையில் ரத்தத்தைத் தேடித் தேடி, கடைசியில் கரடித் தடத்தைப் பார்த்துத் திரும்பி வந்தீர்கள். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் நீ, "அப்பா, உங்களுக்குக் கண்ணு சரியில்ல. இனிமே மலைக்குப் போகாதீங்க" என்றாய். மறுநாள் விமானம் ஏறிவிட்டாய். இரண்டு வாரம் கழித்து, அடுப்புக்குப் பக்கத்திலேயே மாட்டிக் கிடந்த அந்தத் துப்பாக்கியைச் சித்தப்பா எடுத்துப்போய்ச் சுட்டுப் பார்த்தார். வைத்த குறியில் போய்ப் பட்டது. துப்பாக்கியில் ஒன்றுமில்லை, அப்படியானால் கண்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். வசந்தத்தில் கண் டாக்டர் ஊருக்கு வந்தபோது அப்பா போகமாட்டேன் என்றார். உறுதியாகத் தெரிந்துவிடுமே என்ற பயம் என்று நினைக்கிறேன். வருஷம் முழுக்கச் சித்தப்பா கொடுத்த பங்கு இறைச்சியைத்தான் சாப்பிட்டோம், அதை மெல்லும்போதெல்லாம் அவர் தட்டைத்தான் பார்ப்பாரே தவிர என்னைப் பார்க்கமாட்டார்.

செப்டம்பரில் நான் சொல்லிவிட்டேன், இந்த வருஷம் நான் போகிறேன் என்று. கல்யாணத்துக்கு முன்னால் நானும் சுட்டவள்தானே. ஆனால் எந்தத் துப்பாக்கியோடு போவது? ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். சித்தப்பா, துருப்பிடிக்காத எஃகுக் குழலும் அதைத் தாங்கப் பிளாஸ்டிக் கட்டையும் இருக்கிற தன்னுடையதைப் போல ஒன்று வாங்கச் சொன்னார். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் வாத்தியார், ஒவ்வொரு தடவையும் கையால் தாழை இழுக்காமல் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ஒன்றைக் காட்டினார். அப்பாவோ, மரக்கட்டை போட்ட தன் துப்பாக்கி இருக்க வேறெதற்கு என்றார். எஃகுக் குழலைப் பார்த்துவிட்டு, "சமையல்காரிக்கு எவர்சில்வர்லதான் துப்பாக்கி வேணும்போல. சூப்பும் அதுலயே வச்சிரு" என்று நக்கல் வேறு. ஒருவருக்கும் தான் சொன்னதற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை, எங்க அப்பா வச்சிருந்தார், என் மச்சான் வச்சிருக்கான் என்பதுதான் காரணம். எனக்கு உள்ளுக்குள் அரிப்பு தாங்கவில்லை. இங்கே பெய்வது உப்பு மழை, அதில் எது தாங்கும் என்று மழையிடமே கேட்டுவிட்டால் என்ன?

அக்டோபர் கடைசியில் மூன்றையும் கடன் வாங்கினேன். பள்ளிக்கூட அட்டைப்பெட்டியை வெட்டி நூறு தப்படி தூரத்தில் நிறுத்தி, சுடுகிறவர் கை நடுக்கம் கணக்கில் வரக்கூடாது என்று மாவு மூட்டைமேல் துப்பாக்கியைப் படுக்கவைத்து, ஒவ்வொன்றிலும் மூன்று தோட்டா நானும் மூன்று தோட்டா சித்தப்பாவும் சுட்டோம். மூன்றும் நேராகவே சுட்டன. பிறகு தோட்டாவையெல்லாம் எடுத்துவிட்டு, மீன் புகைபோடும் கொட்டகையின் வெளிச்சுவரில், கடலைப் பார்த்து மூன்றையும் நாலு நாள் தொங்கவிட்டேன். வாத்தியார் முகம் போன போக்கைப் பார்த்திருக்கவேண்டும். நாலாம் நாள் காலையில் பனிச்சாரலும் சேர்ந்துகொண்டது. வாத்தியாருடையது முதல் தோட்டாவோடு சிக்கிக்கொண்டது, உள்ளே மணலும் பனிக்கட்டியும். சித்தப்பாவுடையதில் தாழுக்குள் எண்ணெய் அதிகமாகப் போட்டிருந்ததால் குளிரில் கெட்டிப்பட்டு முதலில் சொத்தென்று வெறும் சத்தம்தான் வந்தது. எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்த பிறகு மூன்று தோட்டாவும் பழைய இடத்திலேயே பட்டன. துருப்பிடிக்காத எஃகு என்கிறார்களே தவிர அதிலும் திருகாணி ஓரத்தில் செம்மை தட்டியிருந்தது, அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுடைய துப்பாக்கி நாலு விரல் வலப்பக்கம் தள்ளிச் சுட்டது. என் கைதான் தப்பு என்று சித்தப்பா வாங்கிச் சுட்டார், அதுவும் அதே இடம். மத்தியான உணவுப் பட்டியல் அச்சடித்த காகிதம் ஒன்று என் பையில் இருந்தது. அதைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் விட்டு இழுத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக் கட்டையில் தடையில்லாமல் ஓடிய காகிதம், மரக்கட்டையில் பாதியிலேயே இடப்பக்கம் மாட்டிக்கொண்டு கிழிந்தது. மரம் மழையைக் குடித்து ஊதிப்போய்க் குழலை வலப்பக்கம் நெட்டித் தள்ளிக்கொண்டு இருந்திருக்கிறது. அடுப்புப் பக்கம் வைத்தால் காய்ந்து சுருங்கிவிடுகிறது, பிறகு யார் சுட்டாலும் நேராகத்தானே போகும்! நூறு தப்படியில் நாலு விரல் என்றால் அந்த ஓடைக்கு அப்பால் எவ்வளவு என்று நீயே யோசித்துக்கொள்.

ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். நம்பவில்லை. முப்பது வருஷம் நனைந்த துப்பாக்கிதானே என்றார். மரத்தில் மழை ஏறாமல் வருஷா வருஷம் கட்டைக்கு எண்ணெய் தேய்த்தவர், முழங்கால் வலி வந்த பிறகு மூன்று வருஷமாகத் தேய்க்கவில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, சித்தப்பாவுடைய துப்பாக்கியை வாங்கினார். மாவு மூட்டையைக் காலால் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து முழங்கையை முட்டியில் ஊன்றிச் சுட்டார். மூன்று தோட்டா. ஜாம் பாட்டில் மூடியால் மூன்று ஓட்டையையும் மறைத்துவிடலாம். அட்டைவரை நடந்துபோய் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு மழையில் அப்படியே நின்றார். நான் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், "தப்பு கண்ணுல இல்ல பரஸ்கா. ஆனா துப்பாக்கியச் சுட்டுப் பாக்காம மழையில மலைக்குப் போனவன் நான்தானே. அந்த மான் வலியோட ஓடுச்சே" என்றார்.

நவம்பர் நடுவில் இரண்டு பேரும் படகில் போனோம். சித்தப்பாவின் துப்பாக்கி, தாழில் எண்ணெய் கிடையாது, குழல் வாய்க்குள் மழை போகாமல் மின்சார டேப் ஒட்டியிருந்தது. அதைப் பிரிக்கவேண்டாம், அதன் வழியாகவே சுடலாம். பனி பக்கவாட்டில் அடித்தது. எண்பது தப்படியில் ஒரு கிடா நின்றது. நான் துப்பாக்கியை அவரிடம் நீட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, "நீதான தேடிக் கண்டுபுடிச்ச, நீயே சுடு. மூச்ச விட்டுட்டு அழுத்து" என்றார். அது நின்ற இடத்திலேயே விழுந்தது. வெடிச் சத்தம் கேட்டால் இறைச்சிக்குக் கரடி வந்துவிடுமே, அவர் கத்தியை எடுத்தார், நான் காவல் நின்றேன். அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. படகில் ஏறிய பிறகு அவர் பாட்டு முணுமுணுத்தார், ஒரு வருஷத்துக்கு அப்புறம் இப்போதுதான் கேட்கிறேன்.

இதை உனக்கு எழுதவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். "அவன் பாத்ததச் சொன்னான், அவன் மேல என்ன தப்பு" என்கிறார். எனக்கும் உன்மேல் கோபம் இல்லை. அன்றைக்கு நீ சொன்னபோது பக்கத்தில் உட்கார்ந்து நானும் அதையேதான் நினைத்தேன், வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நான் அவரிடம் கேட்கவேண்டிய மன்னிப்பைப் படகிலேயே கேட்டுவிட்டேன். நீயும் போன் பண்ணு. ஆனால் மன்னிப்பு என்று ஆரம்பிக்காதே, சரி சரி என்று போனை என் கையில் கொடுத்துவிடுவார். அம்மாவுக்கு எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று கேள். என் கைக்குக் கட்டை எவ்வளவு குட்டையாக இருக்கவேண்டும், குறிபார்க்கும் தொலைநோக்கிக் கண்ணாடி பனியில் மங்காமல் இருக்க எதை வாங்குவது, குளிரிலிருந்து துப்பாக்கியை ஏன் சூடான அறைக்குள் கொண்டுவரக்கூடாது என்று ஒரு மணி நேரம் பேசுவார். நீ நடுவில் பேசாமல் கேட்டுக்கொண்டிரு.

ஆண்டவர் உன்னையும் மரிசாவையும் குழந்தையையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும், மூன்று பேருக்கும் நெற்றியில் முத்தம். நம் கோவிலின் பழைய நாள்காட்டிப்படி ஜனவரி ஏழாம் தேதி வரும் கிறிஸ்துமஸுக்கு வருவதாக இருந்தால் மூன்று நாள் முன்னாலேயே நகரத்துக்கு வந்துவிடு, காற்று எழும்பினால் சின்ன விமானம் எடுக்கமாட்டார்கள். குழந்தைக்குக் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி எடுத்துவா.

இப்படிக்கு,
உன் அம்மா
பரஸ்கோவியா