முகப்பூச்சு டப்பாவில் இருக்கும் மருந்து

கிளாத்தன்,
செவ்வாய்க்கிழமை காலை

அன்பு மகள் வெனிங்குக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மனசுதான் ஒரு நிலையில் இல்லை. போனில் கேட்டால் "ஒண்ணுமில்லப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் இந்தக் காகிதம். இந்த நாலு வரிக்குள் இரண்டு தடவை எழுந்து வாசலுக்குப் போய்விட்டு வந்தேன்.

உன் அறைத்தோழி தியூர்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், அவளைக் கோபிக்காதே. ஷூ கம்பெனியில் வேலை நடுவில் நீ வேர்த்துக் கொட்டி உளறினாயாம், பேய் பிடித்துவிட்டது என்று உன் வரிசைப் பெண்கள் கால் கட்டைவிரலை நெரித்து, ஓதித் தண்ணீர் தெளித்தார்களாம், உன் ரத்தத்தில் சர்க்கரை அதுபாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. "பேயாவது ஒண்ணாவது, எங்க மாமாவுக்கும் இப்படித்தான் வரும், தள்ளுங்கடி" என்று தியூர்மா கத்தி, இனிப்புத் தேநீரைப் புகட்டியிராவிட்டால்? இன்சுலின் மருந்தை முகப்பூச்சு டப்பாவில் ஒளித்து விடுதியின் பொது ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறாயாமே, பக்கத்துக் கட்டிலில் படுப்பவளுக்கே அது அன்றைக்குத்தான் தெரிந்ததாம். உன்னை எப்படித் திட்டுவேன், பதிமூன்று வயதில் உன்னைக் குளியலறைக்குள் அனுப்பி, "யாரும் பாக்காம குத்திக்க, நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரணும்" என்று கதவைச் சாத்தியவன் நான்தானே. தப்பு என்னுடையது, வெனிங்.

முந்தாநாள் பக்கத்து வீட்டு விருந்தில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், என் மகளுக்குப் பதினொரு வருஷமாகச் சர்க்கரை நோய் என்று. கடைக்கார மார்சினி சிரித்துவிட்டாள். "தெரியுமே அண்ணே, உங்க வீட்டுக் குப்பையில ஊசி பாத்து எத்தன வருஷம். நீங்க வாயத் தொறக்கல, நாங்களும் கேக்கல. அவ இங்க சைக்கிள்ல போய்வந்த வரைக்கும், மயங்கினா குடுக்கன்னு என் இடுப்புப் பையில ரெண்டு மிட்டாய் கெடக்கும்" என்றாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது.

அங்கே யார் பையிலும் உனக்காக மிட்டாய் இல்லை, அவர்களுக்குத் தெரியாதே. இன்றைக்கே தியூர்மா முன்னால் உட்கார்ந்து ஊசி போட்டுக்கொள், வரிசைத் தலைவியிடமும் சொல், அதனால் வேலை போனால் போகட்டும், நீ உயிரோடு இருந்தால் போதும். ஓவர்டைம் நாளில் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. தினம் குத்திக் குத்திச் சலித்துப்போனால் அதையும் என்னிடம் சொல், நான் அறிவுரை சொல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பேன், முயற்சி செய்கிறேன்.

ஆண்டவன் உன் கூடவே இருக்கட்டும், அம்மாவின் முத்தங்கள். மறந்துவிடாதே, இத்துடன் மார்சினி ஒரு பொட்டலம் மிட்டாய் கொடுத்தனுப்பியிருக்கிறாள். அது உனக்கல்ல, உன் வரிசைப் பெண்களின் பைகளுக்கு.

உன் அப்பா,
சுகியோனோ