குருவிக்கு மீசை

என் மீசைக்காரருக்கு,

பிளவக்கல் அணைப் பூங்கா இட்லிப்பூச் செடியில் தேன்சிட்டு என்று நீங்கள் போட்டோ எடுத்ததை நான் மீசையோடு வரைந்தபோது, "குருவிக்கு ஏதுட்டி மீசை? இது குருவி இல்லன்னா என் மீசைய எடுத்துருதேன்!" என்று நண்பர்கள் முன்னால் சிரித்தீர்கள். அன்றைக்கே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அம்மா வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டேன்.

அது குருவியே இல்லை. பகலில் பறக்கும் பருந்து அந்துப்பூச்சி. மீசை என்றீர்களே, அது அதன் உணர்கொம்பு. நான் படம் வரைந்து அனுப்பிய பூச்சிகள் புத்தகம் நேற்று அச்சாகி வந்தது. அட்டையில் என் ஓவியம்! உங்கள் போட்டோவும் உள்ளே இருக்கிறது. தேன்சிட்டு என்ற பெயரைத் திருத்தி நான்தான் அனுப்பினேன்.

இங்கே ராஜபாளையத்தில், வாசல் இட்லிப்பூவுக்கும் தினமும் சாயங்காலம் ஒன்று வருகிறது. கேமராவோடு வாருங்கள்.

வழியில் சலூனுக்குப் போய்விட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
மீசை வரைந்தவள்